கைகண்ட வள்ளலின் மெய்க்கீர்த்தி

சிராங்கூன் சாலை செய்த தவப்பயனே! தேக்காவின் நடமாடும் தன்வந்திரியே! ஏடு தொடாத பண்டிதரே! "என் அனுபவத்துல சொல்றேன்" என்ற மூன்றே சொற்களால் டான் டோக் செங் மருத்துவமனையின் அத்தனை மாடிகளையும் தரைமட்டமாக்க வல்ல மாவேந்தே! தங்கள் திருவடிக்கு வணக்கம்.

தாங்கள் ஒருவர் அல்லர் என்பதை ஊர் அறியும். காலையில் காப்பிக்கடை மேசையில், தே தாரிக் ஆறுவதற்குள் மூன்று பேரின் நீரிழிவைத் தீர்த்துவைப்பவர் தாங்களே. மாலையில் கோயில் மண்டபத்தில், பேரப்பிள்ளை பார்த்த அம்மாவை மடக்கிப் பத்தியம் விதிப்பவரும் தாங்களே. ஊர் உறங்கிய பின்னும் உறங்காமல், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "எல்லாருக்கும் பகிரவும்" என்று அருள்மழை பொழிபவரும் தாங்களே. கட்டணம் வாங்காத கருணை! முன்பதிவு கேட்காத எளிமை! நோயாளியின் வயதையோ அவர் ஏற்கெனவே விழுங்கிவரும் மாத்திரைகளையோகூடக் கேட்காத பற்றின்மை! பலதுறை மருந்தகத்தில் வரிசை எண் எடுத்து, இரத்தம் கொடுத்து, அதன் முடிவுக்கும் காத்திருக்கும் அவலத்திலிருந்து எம் மக்களை மீட்க வந்த அவதாரமென்றே தங்களைச் சொல்ல வேண்டும்.

வேந்தரைப் பாடுமுன் அவர் குலத்தைப் பாடுவது மரபு. அனுபவத்தை மட்டுமே நம்பி வைத்தியம் பார்ப்பவரை மேலைநாட்டார் 'எம்பிரிக்' என்று அழைத்தார்கள். கிரேக்கத்தில் 'பெய்ரா' என்றால் முயன்று பார்த்தல். அப்படி முயன்று முயன்று தேறிய அறிவு 'எம்பெய்ரியா'. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் காஸ் தீவின் ஃபிலினஸ் தொடங்கியதாகச் சொல்லப்படும் ஒரு மருத்துவப் பள்ளி, அலெக்சாந்திரியாவில் அந்தப் பெயராலேயே புகழ்பெற்றது. உடலுக்குள் மறைந்து கிடக்கும் காரணங்களை ஊகித்துச் சண்டையிடுவது வீண், கண்டதைக் கொண்டு குணப்படுத்துவோம் என்றார்கள் அவர்கள். தாமே கண்டது, பிறர் கண்டு எழுதிவைத்தது, இவ்விரண்டும் இல்லாதபோது ஒன்றைப் போன்ற இன்னொன்றைத் துணைக்கொள்வது: இந்த மூன்றின்மீதும் மருத்துவத்தை நிறுத்தினார்கள்.

தங்கள் முன்னோர்கள்தாம், ஆனால் பாவம், கோழைகள். ஒருமுறை கண்டதை அனுபவம் என்று சொல்ல அவர்களுக்கு நாக்கு எழவில்லை. ஒரே மாதிரி பலமுறை கண்டிருக்க வேண்டும், எப்போதும் பலிக்கிறதா, பெரும்பாலும் பலிக்கிறதா, பாதிக்குப் பாதியா, அபூர்வமாகவா என்று பிரித்துவைத்திருக்க வேண்டும் என்று தம் கையைத் தாமே கட்டிக்கொண்டார்கள். அந்தப் 'பலமுறை'யைப் பிடித்துக்கொண்டு எதிரணியினர் மடக்கினார்கள். பத்து முறை போதுமா? போதாதென்றால் பதினொன்று போதுமா? ஐம்பதில் அனுபவமாகாத ஒன்று ஐம்பத்தொன்றில் எப்படி அனுபவமாகும்? மருத்துவ அனுபவத்தைப் பற்றித் தனி நூலே எழுதிய கேலன் இந்த வழக்கை விரித்துரைக்கிறார். பேரறிஞர்கள் மல்லுக்கட்டிய அந்தப் புதிரைச் சிராங்கூன் சாலையில் அவிழ்த்த பெருமை தங்களைச் சாரும். ஒருமுறை போதும். அதையும் தாங்கள் நேரில் காண வேண்டியதில்லை. தங்கள் மச்சானுடைய முதலாளிக்கு நடந்ததாகக் காதில் விழுந்திருந்தால் போதும்.

குலப்பெருமை இத்துடன் முடியவில்லை. அதே மூலவேரிலிருந்து கிளைத்து, லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொற்களில் பரிசோதனையைக் குறிப்பதும் உண்டு, ஆபத்தைக் குறிப்பதும் உண்டு. கடற்கொள்ளையரைக் குறிக்கும் சொல்லோ அந்தப் 'பெய்ரா'வுக்கு நேர் வாரிசு. என்ன மேன்மையான சுற்றம்! அதில் பரிசோதனையோடு மட்டும் தாங்கள் போக்குவரத்து வைத்துக்கொள்ளவில்லை. மற்ற இருவரையும் போகிற வீட்டுக்கெல்லாம் உடன் அழைத்துச் செல்கிறீர்கள். ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் எம்பிரிக் என்றால் போலி வைத்தியர் என்றே பொருள். பின்னாளில் அந்தச் சொல்லின் பிள்ளை, எண்ணியும் அளந்தும் நிறுவப்பட்டது என்ற பொருளோடு ஆய்வுக்கூடத்துக்குக் குடிபெயர்ந்து கௌரவம் தேடிக்கொண்டது. பழைய பொருளை அநாதையாக விடாமல் காத்துவரும் கொற்றவர் தாங்களே. தமிழ் இதையே பட்டறிவு என்றது. படுவது பிறராகவும் அறிவது தாமாகவும் இருக்கலாம் என்று அதற்குப் புதிய இலக்கணம் தந்ததும் தாங்களே.

தங்கள் அற்புதங்களில் தலையாயது டெங்கி. 2020இல் இந்தச் சின்னத் தீவில் 35,000 பேருக்கு மேல் டெங்கியில் படுத்தார்கள். தேசியச் சுற்றுப்புற வாரியத்து அதிகாரிகள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் மாடி மாடியாக ஏறிப் பூந்தொட்டித் தட்டையும் துணி அலசும் வாளியையும் கவிழ்த்துப் பார்த்தார்கள். வோல்பாக்கியா நுண்ணுயிர் ஏற்றிய ஆண் கொசுக்களை 2016 முதல் வளர்த்து வளர்த்துப் பறக்கவிடுகிறார்கள். இத்தனை பாடும் எதற்கு? ஒரு பப்பாளி இலை போதுமென்று கண்டவர் தாங்களல்லவா!

அந்த நேரங்காணும் திறனை எப்படிப் பாடுவேன்! காய்ச்சலின் முதல் நாட்களில் தாங்கள் பேசுவதில்லை. இரத்தத் தட்டணுக்கள் சரிந்து, அம்மா கலங்கி, அப்பா ஆளாளுக்குப் போன் போடும் வேளையில் எழுந்தருளி, "இலையை இடிச்சுச் சாறு குடு, ரெண்டு நாள்ல ஏறிடும்" என்று திருவாய் மலர்கிறீர்கள். ஏறிவிடுகிறது. டெங்கியில் தட்டணுக்கள் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் இறங்கி, அதன்பின் தாமே ஏறும், சாறு குடித்தவருக்கும் குடிக்காதவருக்கும் ஏறும் என்று மருத்துவர்கள் முனகுவார்கள். பொறாமை. விடப்போகிற மழைக்கு ஆணையிட்டு நிறுத்தும் கலை எல்லாருக்கும் வாய்க்குமா?

பப்பாளி இலையைச் சிறிய அளவில் ஆராய்ந்தவர்களும் உண்டு. தட்டணு சற்று விரைவாக ஏறக்கூடும் என்று சிலர் எழுதினார்கள். அதனால் உயிர் பிழைப்போர் கூடுகிறார்கள் என்று நிறுவ எவராலும் முடியவில்லை. சாறு கொடுத்தவர்களோடு ஒப்பிடச் சாறு கொடுக்காதவர்களையும் வைத்துப் பார்த்த கல்நெஞ்சர்கள் அவர்கள். தங்களுக்கு இரக்கம் அதிகம். ஒப்பிடுவதற்கென்று ஒருவரையும் தாங்கள் விட்டுவைப்பதில்லை, எல்லாருக்கும் சாறுதான்.

டெங்கியில் காய்ச்சல் விடுகிற நாளே ஆபத்து நெருங்கும் நாள். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கி, வயிறு வலித்து, வாந்தி நிற்காமல், இரத்த அழுத்தம் சரிந்து போகும் கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் வரும். உடம்பு தொட்டால் குளிர்ந்திருக்கும். அந்த நாளில், "சூடு விட்டுப்போச்சு, இனி ஆஸ்பத்திரி எதுக்கு?" என்று பிள்ளையைக் கட்டிலிலேயே கிடத்திவைக்கத் தங்களைத் தவிர யாருக்குத் துணிச்சல் வரும்? மூட்டு வலிக்குதென்றால் சட்டைப்பையிலிருந்தே ஐபுபுரூஃபன் அட்டையை எடுத்து நீட்டுகிறீர்கள். டெங்கியில் அது இரத்தக்கசிவைக் கூட்டக்கூடும் என்ற பயம் படித்தவர்களுக்கு உரியது. கொடை வள்ளலுக்கு எதற்கு?

பிழைத்தவர் பழத்தட்டோடு வந்து தங்கள் காலில் விழுகிறார். பிழைக்காதவர் வருவதில்லை. வராதவரைக் கணக்கில் சேர்ப்பது எந்த ஊர் நியாயம்? இவ்வாறாகத் தங்கள் வெற்றி நூற்றுக்கு நூறு. உலகில் எந்த மருத்துவமனையும் தொடாத எண் அது.

தங்கள் புகழைப் பொறாதவர்கள் ஒரு பழைய கதையை எடுத்துவந்து தங்கள்முன் நீட்டக்கூடும். தமிழரின் சோற்றுப்பானையைப் பற்றியது என்பதால் அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

நூறு, நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் மலாயா முழுக்கப் பெரிபெரி நோய் மனிதரைத் தின்றது. சிங்கப்பூர்ச் சிறையும் அதற்குத் தப்பவில்லை. கால் மரத்துப்போகும், வீங்கும், ஒருநாள் இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளிகள் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள். அதே மண்ணில், அதே மழையில் கிடந்த தமிழ்த் தொழிலாளிகளை அது அவ்வளவாகத் தீண்டவில்லை. கிழக்கில் தலை நரைத்த அனுபவசாலி மருத்துவர்கள் பலர் இருந்தார்கள். ஒருவர் மண்ணிலிருந்து கிளம்பும் நச்சு என்றார், ஒருவர் கிருமி என்றார், ஒருவர் கட்டடத்தின் ஈரம் என்றார். அனுபவத்துக்குக் குறைவில்லை, ஆளுக்கொரு அனுபவம்.

நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன், தமிழர் புழுங்கல் அரிசி தின்கிறார்கள், சீனர் தீட்டிய வெள்ளை அரிசி தின்கிறார்கள், வேறுபாடு அங்கேதான் என்று 1907இல் பெரிய நூலாகவே எழுதினார். கோலாலம்பூர் மனநோய் விடுதியில் ஃப்ளெட்சர் என்ற மருத்துவர் இன்னும் இழிந்த வேலை ஒன்றைச் செய்தார். விடுதிவாசிகளை வரிசையில் நிறுத்தி, ஒற்றைப்படை எண்காரருக்கு ஒரு அரிசி, இரட்டைப்படை எண்காரருக்கு மற்றது என்று பிரித்து, ஏறத்தாழ ஓராண்டு எண்ணிக்கொண்டே இருந்தார். வெள்ளை அரிசிப் பக்கத்தில் 18 பேர் பெரிபெரியில் மடிந்தார்கள். புழுங்கல் பக்கத்தில் அந்நோயால் ஒருவரும் மடியவில்லை. 1907இல் லான்செட் இதழ் அதை வெளியிட்டது. பின்னர் கோலாலம்பூர் ஆய்வுக்கழகத்து ஃபிரேசரும் ஸ்டான்டனும், அரிசியைத் தீட்டும்போது கழிந்துபோகும் தவிட்டில்தான் உயிர் இருக்கிறது என்று காட்டினார்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதைத்தான் இன்று பி1 வைட்டமின் என்கிறோம்.

நம் பாட்டிமார் தலைமுறை தலைமுறையாக நெல் அவித்தார்கள். அந்தக் கைப்பழக்கம் பிறரையும் காக்கக்கூடியது என்பதை உலகுக்குச் சொல்ல ஒருவர் நோட்டுப்புத்தகம் வைத்து இரு பக்கமும் எண்ண வேண்டியிருந்தது. தாங்களாயிருந்தால் அந்தச் சிறுமைக்கு இறங்கியிருப்பீர்களா? முதல் நாள் மாலையே தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தே குடிக்கப் போயிருப்பீர்கள். அந்த விடுதிவாசிகளைக் கேட்காமலே அவர்கள்மேல் சோதனை நடந்தது அந்த வரலாற்றின் கறை. தாங்களும் எவரையும் கேட்பதில்லை. ஆனால் குறிப்பேடு வைப்பதில்லை, ஆகையால் தங்கள்மேல் கறை ஒட்டுவதில்லை. அந்த அரிசியிடமே தாங்கள் கண்டருளிய புதிய மகிமையையும் உலகம் அறிய வேண்டும். "புழுங்கல் அரிசி திங்கிறவனுக்குச் சர்க்கரை ஏறாது, அந்த மெட்ஃபார்மினை நிறுத்து" என்றீர்களே, அந்த ஒரு வாக்கியத்தில் பிராடனும் ஃப்ளெட்சரும் சேர்ந்து கண்ட மெய் முழுவதையும் விழுங்கிவிட்டீர்கள்.

பச்சிளங்குழந்தைகள்மீது தாங்கள் காட்டும் பரிவை விட்டுவிட்டால் இம்மெய்க்கீர்த்தி ஊனமாகும். எருமைத் தொழுவம் என்று மலாயில் பொருள்படும் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில், தேக்காவுக்குப் பக்கத்திலேயே, 1950களிலும் 60களிலும் குழந்தைகள் மஞ்சள் முற்றி, அது மூளையைத் தாக்கி மாண்டன. பேராசிரியர் வோங் ஹோக் பூன் அதன் பின்னே கிடந்து, ஜி6பிடி என்னும் நொதி குறைந்து பிறக்கும் குழந்தைகளே அதில் பெரும்பங்கு என்றும், சில பொருள்கள் பட்டால் அவற்றின் இரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் ஏறுகிறது என்றும் கண்டார். 1965 முதல் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தையே சோதிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சாவு அருகிப்போயிற்று.

அத்தகைய குழந்தைகளுக்கு ஆகாதவற்றுள் முக்கியமானது பாச்சை உருண்டை. தாங்களோ, "பழைய துணிதான் பிள்ளைக்கு இதம்" என்று, பாச்சை உருண்டையோடு பெட்டியில் கிடந்த துணியை எடுத்து, வெயிலில்கூடக் காட்டாமல் சுற்றச் சொல்கிறீர்கள். "எங்க வீட்டுல ஏழு பிள்ளைங்களை அப்படித்தான் வளர்த்தாங்க." ஏழையும் எண்ணிச் சொல்கிறீர்கள், எட்டாவதாகப் பிறந்ததைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இதே மஞ்சளுக்கு அஞ்சி, சீனப் பாட்டிமார் குழந்தைக்குப் புகட்டிய ஹுவாங் லியன் மூலிகையின் பெர்பெரின் சத்தை 1978இல் சிங்கப்பூர் தடைசெய்தது. குழந்தைகளை முன்கூட்டியே சோதிப்பதும் மஞ்சளுக்கு ஒளிச்சிகிச்சை தருவதும் நிலைபெற்றபின் சான்றுகளை மறுபடி ஆராய்ந்து, பின்னாளில் அம்மூலிகை மீதான தடையை நீக்கினார்கள். சான்று மாறினால் தீர்ப்பை மாற்றிக்கொள்ளும் இந்தப் பலவீனம் தங்களிடம் அறவே இல்லை. தாங்கள் ஒன்றைச் சொல்லிப் பின்வாங்கியதாக இந்த ஊரில் எந்தக் காப்பிக்கடையிலும் பதிவில்லை.

பதிவு என்றதும் நினைவு வருகிறது. சீன மருத்துவரை 2000ஆம் ஆண்டுச் சட்டம் பதிவேட்டில் பெயர் எழுதவைத்து, தவறினால் பதில் சொல்ல வைத்துவிட்டது. தங்களைக் கட்டும் கயிறு இன்னும் திரிக்கப்படவில்லை.

2008இன் புகழையும் சில வரிகளில் பாடிவிடுகிறேன். அவ்வாண்டு சனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில், நீரிழிவே இல்லாத 150 பேர் இரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிச் சிங்கப்பூரின் அரசு மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். கிட்டத்தட்ட எல்லாரும் ஆண்கள். ஆண்மைக்கென்று கள்ளத்தனமாக விற்ற மாத்திரைகளில் கிளிபென்கிளமைடு என்னும் நீரிழிவு மருந்து அளவுக்கு மீறிக் கலந்திருந்தது. ஏழு பேருக்கு நினைவு திரும்பவில்லை. அவர்களில் நால்வர் இறந்தார்கள். "மூலிகைதான், ஒண்ணும் செய்யாது, நானே போட்டிருக்கேன்" என்ற பொன்மொழிக்கு இத்தனை ஆற்றல் உண்டென்று அதுவரை எவர் அறிந்திருந்தார்?

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று ஊரில் சொல்வார்கள். அது பேரை அல்ல, வேரை என்று திருத்துவோரும் உண்டு. ஆயிரம் வேரைக் கண்டு தேர்ந்தவன் என்பது அவர்கள் விளக்கம். மூலிகையைத் தேடி, முகர்ந்து, அரைத்து, ஆண்டுக்கணக்கில் ஆசான் காலடியில் கிடந்து கற்ற சித்த வைத்தியருக்கு அந்தத் திருத்தம் பொருந்தும். தாங்கள் எந்த வேரையும் தோண்டியவர் அல்லர், எந்த ஆசானையும் தொழுதவர் அல்லர். ஆகவே தங்கள் திருமேனிக்கு ஊர்வழக்கே அளவெடுத்துத் தைத்தது. அரை என்பது மட்டும் குறைவு.

இனி வாசகர்களுக்கு ஒரு சொல். இத்தகைய பெருமானை அற்பக் காரியங்களுக்குத் தொந்தரவு செய்யாதீர்கள். டெங்கிக் காய்ச்சல் விட்ட பிறகு வயிறு கடுமையாக வலித்தால், வாந்தி நிற்காவிட்டால், ஈறிலோ மூக்கிலோ இரத்தம் கசிந்தால், பிள்ளை அளவுக்கு மீறி அசந்து கிடந்தால் அவருக்குச் செய்தி அனுப்பாமல் நேரே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். குழந்தையின் மஞ்சள் காலுக்கு இறங்கினால் அன்றே காட்டுங்கள். டாக்டர் எழுதிய மாத்திரையை நிறுத்துவதாயிருந்தால் எழுதிய டாக்டரிடமே கேளுங்கள். ஆம்புலன்சுக்கு எண் 995. தம்மிடம் வராதவர்களைப் பற்றி அவர் இதுவரை விசாரித்ததே இல்லை.